ஒன்பதாம் கூடாரத்து மாப்பிள்ளை

கழுதை கத்தியிராவிட்டால் சுலைகாவுக்கு இந்தக் கேஸே கிடைத்திருக்காது.

நியூஜெர்சி பார்சிப்பனியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சேக் தாவூத், போன வியாழக்கிழமை போன் செய்து, தன் வீட்டு ஆன்சரிங் மெஷினை ரிசீவர் பக்கத்தில் வைத்து ஒரு செய்தியை ஓட விட்டார். ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கும் அவருடைய மகள் ஃபைஹாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை அல்தாப்பின் குரல் அது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. குபெர்டினோ ஆபீஸ்லதான் இருக்கேன். ரிலீஸ் டைம். மீட்டிங் மேல மீட்டிங். அப்புறமா கூப்பிடறேன்."

மீட்டிங்குக்கும் அப்புறமாவுக்கும் நடுவே, பின்னணியில் ஒரு கழுதை நிறுத்தி நிதானமாக மூன்று தரம் கத்தியது.

"அது அவரோட மேனேஜரா இருக்கும் மேடம்" என்றான் சுப்பையன்.

சுப்பையன், சுலைகாவின் உதவியாளன். முப்பத்தொரு வயது, கோவில்பட்டிக்காரன். சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவனுக்குப் போன வருஷம் க்ரீன் கார்டு கைக்கு வந்தது. மறு வாரமே வேலை போனது. வரிசை மாறி நடந்திருந்தால் இந்நேரம் கோவில்பட்டியில் இருந்திருப்பான். வேலை நேரத்தில் சுலைகாவை மேடம் என்பான், பசி வந்தால் அக்கா என்பான்.

சுலைகாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினாலு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது கலிஃபோர்னியா ஃப்ரீமான்டில் தன் வீட்டு கராஜில் ஒரு மேஜை போட்டுக் கல்யாண விசாரணை நடத்துகிறாள். மாப்பிள்ளை சொல்லும் வேலை, வயது, தலைமுடி மூன்றும் அசல்தானா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில்.

அல்தாப்பின் குபெர்டினோ வீட்டு போன் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆபீஸ் எண் அடித்துக்கொண்டே இருந்தது. நிக்காஹுக்குப் பதினாறு நாள்தான் பாக்கி. சுப்பையன் இன்டர்நெட்டில் உட்கார்ந்து கலிஃபோர்னியாவில் கழுதை வளர்க்கும் பண்ணைகளைப் பட்டியல் போட ஆரம்பித்தான். இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தேழு கிடைத்தது. அதற்குள் சுலைகா, சேக் தாவூதின் காலர் ஐடியில் விழுந்திருந்த எண்ணை வாங்கித் திருப்பி டயல் பண்ணினாள்.

"டஸ்டி பர்ரோ ரிசார்ட்" என்றது ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல். பர்ரோ என்றால் கழுதை.

சுப்பையன் பட்டியலை மடித்து வைத்தான். "இன்னும் நாலு நாள் டைம் குடுத்திருந்தா நானே அந்தக் கழுதைய கண்டுபிடிச்சிருப்பேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு சுலைகாவின் கரோலாவில் கிளம்பினார்கள். அது 2002 அக்டோபர். மலையேறி மறுபக்கம் இறங்கியதும் மரங்கள் நின்றுபோயின; கொஞ்ச தூரத்தில் ரேடியோ நின்றது; அப்புறம் நோக்கியாவில் இருந்த கடைசிச் சிக்னல் கோடும் போனது. கடைசியாக வந்த பெட்ரோல் பங்கில், கல்லாவில் இருந்தவர் சுலைகாவின் தலையில் இருந்த ஸ்கார்ஃபைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"ஃப்ரீமான்ட்."

"இல்ல, நிஜமா எங்கிருந்து?"

"நிஜமா சொல்லணும்னா மௌரி அவென்யூவுக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டு சுலைகா மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு மைல் மண் ரோடு. அதன் முடிவில், செந்நிறப் பாறைக்கு அடியில், பன்னிரண்டு கூடாரங்கள் வரிசையாக நின்றன. கூடாரம் என்றால் சாரணர் முகாம் சமாச்சாரம் இல்லை. கீழே மரப்பலகை மேடை, ஏற மூன்று படி, மரச்சட்டத்தின் மேல் தடித்த கித்தான். உள்ளே இரும்புக் கட்டில், விறகு அடுப்பு. மின்சாரம் கிடையாது. கதவுக்குப் பதில் கித்தான் மடிப்பு, அதைக் கட்ட நான்கு நாடா. கக்கூஸ், குளியலறை எல்லாம் தள்ளி இரண்டு பொதுக் கொட்டகைகளில். மற்றபடி எந்தப் பக்கம் பார்த்தாலும் நாற்பது மைலுக்கு ஒன்றும் இல்லை.

"மனுஷன் இங்க எதுக்கு மேடம் வருவான்?"

"மத்த மனுஷங்க வர மாட்டாங்கன்னுதான்."

ஆபீஸ் கொட்டகையில் முதலாளியம்மா லொரேன் இருந்தாள். எழுபது வயது, காலில் பூட்ஸ், பல்லிடுக்கில் குச்சி. எங்கள் பையன் ஒருத்தன் இங்கே தங்கியிருக்கிறானா என்று சுலைகா புகைப்படத்தை நீட்டினாள். லொரேன் அதைப் பார்க்கவே இல்லை.

"இங்கே வர்றவங்க பாதிப் பேர் யாராவது தேடக்கூடாதுன்னு வர்றாங்க. நான் யாரைப் பத்தியும் பேசறதில்ல. பதினொண்ணும் பன்னெண்டும் காலியா இருக்கு. வேணுமா?"

பதினொன்று சுலைகாவுக்கு. பன்னிரண்டு சுப்பையனுக்கு; கழுதைத் தொழுவத்தை ஒட்டியது. நிலவரம் ஊருக்குச் சொல்ல அந்த ஆபீஸ் சுவரில் தொங்கிய ஒற்றை போன்தான் வழி. சுலைகா அதிலிருந்து சேக் தாவூதின் செல்லுக்குக் கூப்பிட்டு, இந்த எண்ணில் கிடைப்பேன் என்று செய்தி விட்டாள்.

"ஆறு மணிக்கு சாப்பாட்டு மணி அடிப்பாங்களாம். எல்லாரும் வருவாங்க. மூஞ்சிய பார்த்துப் பிடிச்சிடலாம்" என்றான் சுப்பையன்.

"மூஞ்சி பொய் சொல்லும். அவன் வர்றதுக்குள்ள டெண்ட பார்க்கணும். பன்னெண்டுல எதுன்னு கண்டுபிடி."

ஆபீஸ் வாசலில் ஒரு பலகை இருந்தது. தேள் நடமாட்டம் உண்டு, காலணிகளை எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள் என்று சிவப்பில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தேள் படமும் போட்டிருந்தது. சுலைகா அதைப் படித்துவிட்டு, கூடாரங்களின் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். பதினொரு வாசல்கள் துடைத்தாற்போல் இருந்தன. ஒன்பதாவது வாசலில் மட்டும், முதல் படிக்குக் கீழே, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி விடப்பட்டிருந்தது.

"தேள் கொட்டினாலும் பரவால்ல, செருப்போட வீட்டுக்குள்ள போக மாட்டான்" என்றாள். "நம்ம ஆளுதான். இருந்தாலும் ஒரே சாட்சிய வச்சு முடிவு பண்ணக்கூடாது. நீ அந்த ஆம்பளைங்க கொட்டகைக்குப் போய்ப் பாரு."

"என்னத்த பார்க்கறது?"

"போனா தெரியும்."

சுப்பையன் போனான். சுவரில் கூடார எண்களோடு பன்னிரண்டு கொக்கிகள். துண்டுகள், சோப்புப் பைகள் தொங்கின. ஒன்பதாம் கொக்கியில் தொங்கியது வேறு. ஒரு கேலன் பிளாஸ்டிக் பால் கேன். கைப்பிடியை விட்டுவிட்டு மேல்வாயைக் கத்தியால் அறுத்து, கக்கூஸில் கழுவத் தண்ணீர் மொள்ளும் அருமையான மக்காக ஆக்கியிருந்தார்கள்.

அவன் வெளியே வந்தபோது பெண்கள் கொட்டகையிலிருந்து சுலைகாவும் வந்தாள். முகம் மாறியிருந்தது.

"கன்ஃபர்ம் மேடம். ஒன்பதாம் நம்பர் கொக்கியில மக். இந்த நாட்டுக்காரன் செத்தாலும் அத செய்ய மாட்டான்."

"பொம்பளைங்க பக்கமும் ஒண்ணு தொங்குது" என்றாள் சுலைகா.

"எத்தனாம் நம்பர்?"

"நாலு. அதே பால் கேன், அதே மாதிரி அறுத்திருக்கு. ஆனா கையில கீறாம இருக்க ஓரம் பூரா வெள்ளை டேப் சுத்தியிருக்கு. புண்ணுக்குக் கட்டுப்போடற டேப். முனையக்கூட மடிச்சு ஒட்டியிருக்கா."

"அப்போ மாப்பிள்ளை தனியா இல்ல. ரெண்டு பேர், ரெண்டு டெண்ட். ரொம்ப மரியாதையான தப்பு மேடம்."

"முதல்ல ஒன்பது" என்றாள்.

ஒன்பதில் யாரும் இல்லை. நாடாவை அவிழ்ப்பது சட்டப்படி சரியா என்று சுப்பையன் கேட்டான். காற்று அவிழ்த்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று சுலைகா சொன்னாள். உள்ளே போகும்போது இரண்டு பேரும் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொள்வோம் என்று உறைத்ததும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டில் சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. மடித்த தொழுகைப் பாய். ஒரு சூட்கேஸ். அதன் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் ஒரு காப்பிக் கோப்பை, ஸ்டேப்ளர், நாலு புத்தகம், சின்னத் தொட்டியில் ஒரு மணி ப்ளான்ட். செடிக்குக் காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது.

"ரிசார்ட்டுக்கு எவனாவது ஸ்டேப்ளர் கொண்டு வருவானா?" என்றாள் சுலைகா.

சுப்பையன் அந்தப் பெட்டியின் முன் குந்தினான். ஜோக் எதுவும் வரவில்லை. "எனக்கு இந்தப் பெட்டிய தெரியும். செக்யூரிட்டி பக்கத்துலயே நிப்பான். பத்து நிமிஷத்துல டெஸ்க காலி பண்ணணும். எதை எடுக்கறதுன்னு தெரியாது, ஸ்டேப்ளர எடுத்துட்டு வருவோம். என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. செடியும் இருந்துச்சு, செத்துப் போச்சு."

"ஆக, வேலை போச்சு."

"போய் ஒரு மாசமாவது இருக்கும். மூணு புது இலை விட்டிருக்கு."

சூட்கேசின் முன்பையில் இருந்து சுலைகா ஒரு நீள உறையை உருவினாள். விமான டிக்கெட். சான் ஃபிரான்சிஸ்கோ, சிங்கப்பூர், சென்னை. பயணம் அக்டோபர் 22. திரும்பி வரும் தாள் இல்லை. நிக்காஹ் அக்டோபர் 26.

"ஓடறான் மேடம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி கம்பி நீட்டறான். நாலாம் நம்பர்காரிக்கும் பக்கத்து சீட்டா இருக்கும்."

"சுப்பையா, உனக்கு வேலை போனப்போ கையில க்ரீன் கார்டு இல்லன்னா என்ன பண்ணியிருப்ப?"

"காலைப் பிடிச்சாவது ஒரு கம்பெனில விசாவ மாத்திக்கப் பார்த்திருப்பேன்."

"இவனுக்குக் காலே பிடிக்க வேணாம். பொண்ணு அமெரிக்க சிட்டிசன். ரெண்டு வாரம் வாயத் திறக்காம இருந்து நிக்காஹ் பண்ணிட்டா, வேலை போனாலும் பேப்பர் வந்துடும். யாருக்கும் தெரியக்கூட தெரியாது. பேப்பருக்கு ஆசைப்படறவன் நாலு நாள் முன்னாடி ஒன்வே டிக்கெட் வாங்குவானா?" அவள் டிக்கெட்டை உறையில் திரும்ப வைத்தாள். "இவன் பொண்ண விட்டு ஓடல. கெட்ட பேருக்குப் பயந்து ஓடறான்."

"கரெக்ட்" என்றது வாசலில் ஒரு குரல்.

முப்பது வயது, நாலு நாள் தாடி, போட்டுப் போன ஷூவைப் படியில் கழற்றிவிட்ட வெறுங்கால். புகைப்படத்தில் இருந்ததைவிட ஒரு சுற்று இளைத்திருந்தான் அல்தாப். இரண்டு பேர் கையிலும் செருப்பைப் பிடித்தபடி தன் கூடாரத்தில் நிற்பதைப் பார்த்து அவன் கோபப்படக்கூட இல்லை.

"மாமா அனுப்பினாங்களா?"

"ஆமா. உட்காரு தம்பி" என்றாள் சுலைகா, அது அவளுடைய கூடாரம் போல.

அவன் கட்டில் நுனியில் உட்கார்ந்தான். கேட்காமலே எல்லாம் வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் கம்பெனி மொத்தமாக மூடிக்கொண்டது. வேலையோடு விசாவும் போன மாதிரிதான். வாடகை வீட்டைக் காலி பண்ணினான். கம்பெனி நன்றாக இருந்த காலத்தில் டீம் அவுட்டிங்குக்கு எல்லாரையும் இந்த ரிசார்ட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். டிக்கெட் தேதி வரைக்கும் யார் முகத்திலும் விழிக்காமல் இருக்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

"இப்போ போய் நிக்காஹ் பண்ணா என்ன சொல்வாங்க? க்ரீன் கார்டுக்காக சேக் தாவூத் பொண்ண கட்டிக்கிட்டான்னு சொல்வாங்க. நாப்பது வருஷம் கழிச்சும் சொல்வாங்க. ஃபைஹாவே ஒருநாள் சண்டைல சொல்வாங்க. அது வேணாம் ஆன்ட்டி."

"ஆன்ட்டி வேணாம், அக்கா போதும்" என்றாள் சுலைகா. "அந்தப் பொண்ணுக்கு என்ன சொன்ன?"

"லெட்டர் எழுதி வச்சிருக்கேன். சிங்கப்பூர்ல இறங்கி போஸ்ட் பண்ணலாம்னு."

"பரவால்ல. பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்னு உண்மை பேசற துணிச்சல் எல்லாருக்கும் வராது" என்றான் சுப்பையன்.

அல்தாப் தலையைக் குனிந்துகொண்டான். சுலைகா மெதுவாகக் கேட்டாள்.

"நாலாம் டெண்ட்டுல யாரு?"

"யாரு?" என்றான் அவன். உண்மையிலேயே தெரியாத முகம். பதினாலு வருஷம் பொய் முகங்களைப் பார்த்தவளுக்கு அது போதும்.

அந்த நேரம் ஆபீஸ் கொட்டகையில் போன் மணி அடித்தது. லொரேன் வாசலில் நின்று, "ஃப்ரீமான்ட் லேடி, போன்" என்று கூவினாள். சுலைகா ஓடினாள். சுப்பையன், மாப்பிள்ளையைக் காவல் காக்கும் பாவனையில் அவனையும் இழுத்துக்கொண்டு பின்னால் வந்து, கொட்டகைக்கு வெளியே நின்றான்.

போனில் சேக் தாவூத். பின்னணியில் ஹைவே இரைந்தது.

"தங்கச்சி, அல்தாப்ப விடு. அவன் எக்கேடும் கெடட்டும். என் புள்ளைய காணோம்மா."

"யார, ஃபைஹாவையா?"

"வியாழக்கிழமை கெளம்பினா. சான் ஃபிரான்சிஸ்கோல ஃபார்மசிஸ்ட் கான்ஃபரன்ஸ்னு சொன்னா. இன்னிக்கு ஹோட்டலுக்குப் போன் போட்டா அப்படி யாரும் தங்கலங்கறான். கான்ஃபரன்ஸே அங்க இல்லையாம். நான் நெவார்க் ஏர்போர்ட்டுக்குப் போயிட்டிருக்கேன். அடுத்த ஃப்ளைட்டுல வந்துடறேன். நீ அந்தக் கேஸ மூடிட்டு என் புள்ளைய தேடு. என்ன வேணா செய்."

அந்தக் குரலில் வியாபாரி போய், வெறும் தகப்பன் மட்டும் இருந்தார். சுலைகா போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் வழியாகக் கூடார வரிசையைப் பார்த்தாள். கையில் கீறக்கூடாது என்று மருத்துவ டேப்பைச் சுற்றி, முனையை மடித்து ஒட்டுகிறவள் என்ன வேலை பார்க்கிறவளாக இருப்பாள் என்று அவள் மனம் தானாகக் கூட்டிப் பார்த்தது.

"அண்ணே, அந்த மெசேஜ, அந்தக் கழுதை மெசேஜ, ஃபைஹா கேட்டுச்சா?"

"அவதான முதல்ல கேட்டா. அவதான் மெஷின்ல பார்த்து என்கிட்ட சொன்னா. ஏன்?"

"லைன்ல இருங்க. பத்து நிமிஷம். வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஹைவேல எங்க நிறுத்தறது, ட்ராஃபிக் வேற."

"அப்போ மெதுவா ஓட்டுங்க."

அவள் ரிசீவரை மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு நேராக நாலாம் கூடாரத்துக்குப் போனாள். கித்தான் மடிப்பு ஒரு விரல்கடை திறந்திருந்தது. அதற்குள் ஒரு கண் தெரிந்தது.

"ஃபைஹாம்மா, நான் சுலைகா. உங்க அத்தா அனுப்பின ஆளு. வெளிய வாம்மா."

நாடாக்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பெரிய தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பைனாகுலர். ஆறு வயதில் இளையான்குடியிலிருந்து வந்து நியூஜெர்சியில் வளர்ந்தவள்.

"ஹவ் டிட் யூ ஃபைண்ட் மீ?"

"அத அப்புறம் சொல்றேன். நீ எப்படி வந்த?"

"காலர் ஐடில நம்பர் இருந்துச்சு. திருப்பி டயல் பண்ணேன். நேத்து மத்தியானம் வந்தேன்."

துப்பறியும் நிபுணருக்கு ஒரு நாள் முன்னதாக. சுலைகா அதை விழுங்கிக்கொண்டாள். "வந்து?"

"வாட்ச் பண்ணேன். வேற யாராவது இருக்காங்களான்னு. கேட்டா மழுப்புவாங்க, ஸோ பார்த்துடலாம்னு." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன. "யாரும் இல்ல. செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. நாள் பூரா அந்தப் படில உக்காந்திருக்காங்க. என்னன்னே புரியல. என்னைப் பிடிக்கலையா?"

"அவனையே கேளு" என்றாள் சுலைகா.

ஆபீஸ் வாசலுக்கு அவர்கள் வந்தபோது, மரப்படியில் உட்கார்ந்திருந்த அல்தாப் எழுந்து நின்றான். அவனும் ஃபைஹாவும் இதற்குமுன் நேரில் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் பதினைந்து உறவினர்களுக்கு நடுவில். ஆள் யாரென்று புரிய அவனுக்கு நேரமானது. புரிந்ததும் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவன் சொன்னதையே மறுபடி சொன்னான், இந்தத் தடவை தட்டுத் தடுமாறி. வேலை, விசா, டிக்கெட், ஊர் பேசும் பேச்சு. ஃபைஹா குறுக்கே பேசாமல் முழுசும் கேட்டாள்.

"ஸோ, எல்லாரும் என்னை ஒரு க்ரீன் கார்டா பார்ப்பாங்கன்னு பயந்தீங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"பட் அப்படி முதல்ல பார்த்தது நீங்கதான். வேலை போச்சுன்னு தெரிஞ்சதும் உங்க மைண்ட்ல நான் ஒரு பேப்பராயிட்டேன். அந்தப் பேப்பர் வேணாம்னு ரொம்ப டீசண்ட்டா தூக்கிப் போட்டுட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

கூடாரங்களின் கித்தான் காற்றில் படபடத்தது. அவன் உதடு இரண்டு முறை அசைந்து, மூன்றாம் முறைதான் சத்தம் வந்தது. "கேக்கத்தான் பயந்தேன். வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா, அது நிஜமா முடிஞ்சுடும்ல."

ஃபைஹா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலைவனத்தைப் பார்த்தாள். திரும்பியபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க. போங்க. நானும் வரேன், அத்தாவையும் கூட்டிட்டு. நிக்காஹ் அங்கயே, உங்க உம்மா வீட்டுல. அப்புறம் அங்க இருக்கறதா, இங்க வர்றதா, எப்போ வர்றது, எல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். தனியா முடிவெடுக்கற வேலை இனிமே வேணாம். ஓகேவா?"

"உங்க அத்தா ஒத்துக்குவாங்களா?"

"லெட்ஸ் ஃபைண்ட் அவுட்" என்று அவள் உள்ளே போனாள்.

அப்போதுதான் சுலைகாவுக்கு ரிசீவர் மேஜைமேல் மல்லாந்து கிடப்பது ஞாபகம் வந்தது. பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. வாசலில் பேசியதில் எவ்வளவு நியூஜெர்சி வரை போய்ச் சேர்ந்ததோ, தெரியாது.

"அத்தா" என்றாள் ஃபைஹா போனில். பிறகு வெகு நேரம், "ஸாரித்தா" என்பதையும், "ஐ'ம் ஃபைன்த்தா" என்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அழுதாள், மூக்கைத் துடைத்தாள், டிக்கெட் விஷயத்தைச் சொன்னாள். ஹால் புக் பண்ணியதை என்ன செய்வது என்று அவர் கேட்டிருக்க வேண்டும், "தெரியலத்தா" என்றாள். அப்புறம் ரிசீவரை அல்தாப் பக்கம் நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

அல்தாப் சட்டையைச் சரி செய்துகொண்டு போனை வாங்கினான். ஸலாம் சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் லொரேன் பல்லிடுக்குக் குச்சியை எடுத்துவிட்டாள்.

"அரபியா?" என்று சுப்பையனிடம் கேட்டாள்.

"தமிழ். மாமனார் வகை" என்றான்.

"ஆமா மாமா... இல்ல மாமா... தப்புதான் மாமா... சரி மாமா." அல்தாப் போனை மாட்டினான். காது சிவந்திருந்தது. வாசல் வரை நடந்து வந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சுலைகா.

"ஹைவேல எக்ஸிட்ட விட்டுட்டாங்களாம், அதுக்கும் நான்தான் காரணமாம். பொய் சொன்னதுக்கு ஒரு ரவுண்டு. லெட்டர் எழுதினதுக்கு ஒரு ரவுண்டு. இன்னும் திட்டு பாக்கி இருக்கு, நேர்ல வெச்சுக்கறேன்னு வெச்சுட்டாங்க." அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "முடிஞ்சுதுன்னு நெனைக்கறேன்க்கா. இத்தனை நாள் மாப்ள, மாப்ளன்னுதான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு ஒரு தடவகூட அந்த வார்த்தை வரல. ஏ அல்தாப்பு, ஏ அல்தாப்புன்னு பேரச் சொல்லியே திட்டினாங்க."

ஃபைஹா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"பேர் சொல்லியா? ஷ்யூரா?"

"பத்து தடவை இருக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகை முழுசாக அடங்காததால் அது விக்கலும் சிரிப்புமாக வந்தது.

"வெளியாளுங்கள அத்தா திட்டவே மாட்டாங்க. ரொம்ப மரியாதையா பேசி போன வெச்சிடுவாங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. அந்த 'ஏ' போட்டு பேர் சொல்லித் திட்டறது என்னையும் தம்பியையும் மட்டும்தான்."

அல்தாப் சிவந்த காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, ஃபைஹாவுக்கும் இடம் விட்டு, அந்த மரப்படியில் மெதுவாக உட்கார்ந்தான்.